கதவை வெளியே கொடுக்கலாமா?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் பக்கம் சாட்ஸ்வொர்த்தில், வீட்டுக்குப் பின்னால்தான் என் தச்சுப் பட்டறை. நானும் மச்சானும்தான் ஆட்கள். இங்கே மெலமைன் பலகை, அதாவது மேலே வழுவழுப்பான பூச்சுள்ள மரத்தூள் பலகை, 2750க்கு 1830 மில்லிமீட்டர். எங்கள் சின்ன வட்ட ரம்பத்தில் இருவர் பிடித்துத் தள்ளினாலும் ஓரம் பெயர்ந்துவிடும். பலகைக் கடையிலேயே அளவுக்கு வெட்டி, ஓரத்தை மூடும் பட்டையான எட்ஜிங்கும் ஒட்டித் தருகிறார்கள். அதனால் கப்போர்டுப் பெட்டிகளை வெளியே கொடுக்க எனக்குத் தயக்கமே இல்லை.

கதவுதான் யோசனை. போன வருடம் கொடுத்த நான்கு கதவுகள் 2 மில்லிமீட்டர் குறைவாக வந்தன. கடைக்காரரைத் திட்டப் போனால், வெட்டும் அளவுப் பட்டியலில் என் கையெழுத்து! இருபுறமும் 1 மில்லிமீட்டர் எட்ஜிங் கனத்தை நானே கழித்து எழுதியிருந்தேன், அவர்களும் கழித்துவிட்டார்கள். தைப்பூசத்துக்கு வந்த விருந்தாளிகள் முன்னால் கதவு கேட்டிருந்த அக்கா வீட்டு அடுப்படி கதவில்லாமல் நின்றது. இன்றைக்கும் அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சம்.

எட்ஜிங் இயந்திரம் வாங்கலாம் என்கிறான் மச்சான். மின்வெட்டில் ரம்பம் சும்மா கிடந்ததை மறந்துவிட்டான் போல. மின்சாரம் நின்றாலும் தவணை நிற்காதே!

சரி, இப்போதைக்குப் பெட்டி, மெலமைன் கதவு இரண்டும் வெளியே. மரக்கதவு மட்டும் நம் கையில். பட்டியலை இனி மச்சான் எழுதட்டும், நான் சரிபார்க்கிறேன்.