கிளினிக் சாஃப்ட்வேரை மாற்றுகிறீர்களா? அலர்ஜியைக் கையால் ஏற்றுங்கள்

நான்கைந்து டாக்டர்கள் இருக்கும் கிளினிக் என்றால், பழைய தகவல் மொத்தத்தையும் ஒரே ராத்திரியில் மாற்றித் தருவதாக சாஃப்ட்வேர்காரர் சொல்வார். பெயர், வயது, போன் நம்பர், பழைய லேப் ரிப்போர்ட் எல்லாம் அப்படியே போகட்டும். அலர்ஜியும், இப்போது சாப்பிடும் மாத்திரைகளும் அப்படிப் போகவே கூடாது.

பழைய சிஸ்டத்தில் 'பென்சிலின் ஒத்துக்காது' என்று யாரோ குறிப்பில் தட்டி வைத்திருப்பார்கள். புதியதிலும் அது வெறும் குறிப்பாகவே வந்து விழும். டாக்டர் பென்சிலின் வகையைச் சேர்ந்த அமாக்ஸிசிலினை எழுதும்போது எச்சரிக்கை வர வேண்டுமானால், அலர்ஜிக் கட்டத்தில் பட்டியலிலிருந்து பென்சிலினைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் திரை சும்மா இருக்கும். எச்சரிக்கை வரவில்லையே என்று டாக்டரும் நம்பி எழுதிவிடுவார். எனக்கு இதைவிடப் பெரிய பயம் இந்த வேலையில் வேறில்லை.

அதனால் மாற்றும் நாளுக்கு மூன்று வாரம் முன்பே, அப்பாயின்ட்மென்ட் வாங்கியவர்களின் அலர்ஜியை நர்ஸ் கேட்டு ஏற்றத் தொடங்கட்டும். மற்றவர்களை பி.பி. பார்க்கும்போது கேட்கலாம். மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். ஏற்றியதை டாக்டர் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். அலர்ஜி இல்லை என்றால் 'இல்லை' என்றே பதியுங்கள். வெற்றுக் கட்டத்துக்கு 'யாரும் கேட்கவில்லை' என்று மட்டும்தான் பொருள்.

பழைய சிஸ்டத்திலிருந்து எடுத்த சி.எஸ்.வி. ஃபைலை (கமா போட்டுப் பிரித்த தகவல் பட்டியல்) எக்ஸெலில் நேரடியாகத் திறக்காதீர்கள். ஆபா எனப்படும் 14 இலக்க அரசு சுகாதார அடையாள எண் 9.12E+13 என்று சுருங்கும்; அப்படியே சேமித்தால் மீதி இலக்கங்கள் போனதுதான். ஓ.பி. (வெளிநோயாளி) எண்ணின் முன்னால் உள்ள பூஜ்யமும் காணாமல் போகும். கம்ப்யூட்டர் அமெரிக்கத் தேதி முறையில் இருந்தால் ஆகஸ்ட் 5 என்ற பொருளில் எழுதிய 05/08 மே 8 ஆகிவிடும். 25/08 மாறாது என்பதால் மேலோட்டமாகப் பார்த்தால் பிடிபடாது. எல்லாப் பத்தியையும் 'டெக்ஸ்ட்' ஆக இம்போர்ட் செய்யுங்கள். யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடித்த தமிழ்க் குறிப்புகளை முதலில் யூனிகோடாக்குங்கள்.

ஒத்திகைக்கு 50 பேரை எடுங்கள், சிக்கலானவர்களாகப் பார்த்து: ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர், டயாலிசிஸ் செய்பவர், ஒரே போன் நம்பரில் பதிந்த குடும்பம், இனிஷியல் ஒருமுறை முன்னும் ஒருமுறை பின்னும் வந்து இரண்டு ஆளாகிப்போன முருகன். சிறுநீரகப் பரிசோதனையான கிரியாட்டினினின் அலகு மாறிவிடவில்லையா என்றும் பாருங்கள், 1 மி.கி./டெ.லி. என்பது 88.4 மைக்ரோமோல்/லிட்டர்.

தொடக்கம் புதன்கிழமையாக இருக்கட்டும், திங்கள்கிழமை நோயாளிக் கூட்டத்துக்கு நடுவில் வேண்டாம். முதல் வாரம் அப்பாயின்ட்மென்ட் பாதிதான். பழைய சிஸ்டத்தின் சந்தாவை உடனே நிறுத்தாதீர்கள், படிக்க மட்டும் திறந்து வையுங்கள். நோயாளி பதிவேடு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள்.