எத்தனை அடி உயரம் போகலாம்? – மண்டபம் கரை நாட்குறிப்பு

மே 12

தனியார் பைலட் உரிமத்துக்குப் படிக்கிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: சின்ன விமானத்தில் எவ்வளவு உயரம் ஏறலாம்? வி.எஃப்.ஆர். முறையில், அதாவது வெளியே கண்ணால் பார்த்து ஓட்டும் விதிகளின்படி, இந்தியாவில் மேல்வரம்பு ஃப்ளைட் லெவல் 150, அதாவது ஏறத்தாழ 15,000 அடி. அதற்கு மேலே போக விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு, அதாவது ஏ.டி.சி., தனியாக அனுமதிக்க வேண்டும். உலகப் பொது விதி லெவல் 200 வரை விடுகிறது. ஐரோப்பாவில் 195. அமெரிக்காவில் 18,000 அடியில் வி.எஃப்.ஆர். கூடாத ‘ஏ’ வகை வான்வெளி தொடங்கிவிடுவதால் அதற்குக் கீழே நிற்க வேண்டும். அமெரிக்க வீடியோ பார்த்துப் படித்தவர்கள் 17,500 அடி என்று மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். அந்த எண் இங்கே செல்லாது.

ஏ.டி.சி. வழிநடத்தும் கட்டுப்பாட்டு வான்வெளியில் கரையிலிருந்து 100 கடல் மைலுக்கு மேல் வி.எஃப்.ஆர். கூடாது என்றும் ஒரு விதி உண்டு. நம் கரையில் அதற்கு வேலை வராது. தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். அதற்கு முன்பே அயல்நாட்டு வான்வெளி வந்துவிடும்.

மே 13

நேற்று எழுதியதில் ஒரு விளக்கம் விட்டுப்போயிற்று. ஃப்ளைட் லெவல் 150 என்பது கடல் மட்டத்திலிருந்து அளந்த 15,000 அடி அல்ல. காற்றழுத்தத்தை வைத்து உயரம் காட்டும் ஆல்டிமீட்டரில் 1013 ஹெக்டோபாஸ்கல் வைத்தால் 15,000 என்று காட்டும் இடம். கடலோரத்தில் அழுத்தம் 1004 ஆக இருந்தால், ஹெக்டோபாஸ்கலுக்கு ஏறத்தாழ 27 அடி வீதம் உண்மை உயரம் சுமார் 250 அடி குறையும். ஆனால் நம் ஊர்க் காற்று சூடானது. சூடான காற்று விரிந்து நிற்கும். கருவி காட்டுவதைவிட விமானம் உயரத்தில் இருக்கும். கருவி அடிப்படையாகக் கொள்ளும் தரநிலை வெப்பத்தைவிட 15 டிகிரி கூடுதலாக இருந்தால் 10 டிகிரிக்கு 4 சதவீதம் வீதம் 6 சதவீதம் ஏறும். இரண்டையும் கூட்டிக் கழித்தால் உண்மை உயரம் 15,500 அடியைத் தாண்டும்.

மே 19

வெயில் 35 டிகிரி. கடல் மட்டத்துக்கான தரநிலை 15. மிச்சம் 20 டிகிரியை, டிகிரிக்கு 120 அடி வீதம், பெருக்கினால் 2,400. கடற்கரை ஓடுபாதையில் நிற்கும்போதே எஞ்சினுக்கும் இறக்கைக்கும் கிடைப்பது 2,400 அடி உயரத்துக் காற்றுதான். ஓட்டம் நீளும், ஏற்றம் மந்தமாகும்.

செஸ்னா 172 எஸ் விமானம் தரநிலைக் காற்றில், கடல் மட்டத்தில், முழு எடையோடு நிமிடத்துக்கு 730 அடி ஏறும். டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீத சக்தியை இழந்துகொண்டே போகும். ஏற்றம் நிமிடத்துக்கு 100 அடியாகச் சுருங்கும் உயரத்தைத்தான் சர்வீஸ் சீலிங் என்கிறார்கள். இந்த விமானத்துக்கு அது 14,000 அடி. சட்டம் தரும் லெவல் 150ஐ இது எட்டாது. வெயிலில் இன்னும் கீழேயே நின்றுவிடும்.

3,000 அடி தாண்டியதும், எஞ்சினுக்குப் போகும் எரிபொருள் அளவைச் சரிசெய்யும் மிக்சர் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுக்க வேண்டும். ஆர்.பி.எம். உச்சத்தைத் தொட்டதும் சற்றே உள்ளே தள்ளி நிறுத்துங்கள். இறங்கத் தொடங்குமுன் மறுபடி உள்ளே தள்ள மறந்தால் கீழே வரவர எஞ்சின் திணறும். கார்புரேட்டர் உள்ள பழைய 172களுக்கு நம் கரையின் ஈரக்காற்றில் இன்னொரு தொல்லை: வெளியே 25 டிகிரி இருந்தாலும் உள்ளே பனி கட்டும், அதுவும் த்ராட்டிலைக் குறைத்து இறங்கும்போது. கார்புரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் கார்ப் ஹீட்டை முழுதாகத் திறந்தவுடன் எஞ்சின் முதலில் குலுங்கும். உருகிய நீர் உள்ளே போவதால் வரும் குலுக்கல் அது. பயந்து உடனே மூடிவிடாதீர்கள்.

ஜூன் 2

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் சுமார் 80 கடல் மைல், திசை 114 டிகிரி. வி.எஃப்.ஆர். விதிப்படி திசை 0 முதல் 179 வரை இருந்தால் பறக்கும் உயரம் ஒற்றைப்படை ஆயிரத்தோடு 500 அடி: 3,500, 5,500, 7,500. திரும்பும்போது 294 டிகிரி, இரட்டைப்படை: 4,500, 6,500, 8,500.

ஜூன் 9

மேற்கேயிருந்து வரும் கச்சான் காற்று வீச ஆரம்பித்துவிட்டது. இந்த நாட்களில் உயரத்தைக் கணக்குப் போட நல்ல இடம் பாக் விரிகுடா.

மண்டபத்திலிருந்து தொண்டிக்கு நேர்கோட்டில் 29 கடல் மைல், எல்லாம் தண்ணீர் மேல். நடுவில் எந்தக் கரையும் ஒன்பது, பத்துக் கடல் மைல் தள்ளி இருக்கும். எஞ்சின் நின்றால் 172 ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கடல் மைல் மிதந்து போகும். திசை வடக்கே 340 சொச்சம் என்பதால் 6,500 அல்லது 8,500. 6,500 தருவது பத்துக்குச் சற்றே குறைவு. விழித்துக்கொண்டு மூக்கைத் திருப்பும் நேரத்தைக் கழித்தால் கரை எட்டாது. 8,500 தருவது பன்னிரண்டே முக்கால். காற்றில்லாத நாளில் போதும்.

ஆனால் கச்சான் கரையிலிருந்து கடலை நோக்கித் தள்ளும். மிதக்கும் வேகம் 65 நாட் (மணிக்கு 65 கடல் மைல்), எதிர்க்காற்று 20 நாட் என்றால் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. 8,500இல் மிஞ்சுவது எட்டரைதான். கரை சேர 10,500 வேண்டும். அங்கே போனால் விதி மாறுகிறது: 10,000 அடியிலிருந்து வேண்டிய பார்வைத் தூரம் 5 கிலோமீட்டருக்குப் பதில் 8 கிலோமீட்டர். வெயில் நாளில் அவ்வளவு உயரம் ஏற அரை மணி நேரம் போய்விடும்.

கரையை ஒட்டி ஆற்றங்கரை, தேவிபட்டினம் வழியாகச் சுற்றினால் 36 கடல் மைல். 100 நாட்டில் நான்கு நிமிடம் அதிகம், அவ்வளவே. நான் எப்போதும் சொல்வது இந்த வழியைத்தான். ஒரே நிபந்தனை: உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து இருக்கிறது, 2009இலிருந்து. ஹெலிகாப்டரும் ஆளில்லா விமானமும் பறக்கும் இடம். பறக்கும் திட்டத்தில் எழுதி, ஏ.டி.சி.யிடம் சொல்லி, அனுமதி கிடைத்த பிறகே அந்தப் பக்கம். புறப்படுமுன் வான்பாதுகாப்பு அனுமதி எண்ணும் விமானத் தகவல் மையம் தரும் எஃப்.ஐ.சி. எண்ணும் கையில் எழுதியிருக்க வேண்டும். கடல் மேல் கால் வைக்கிற எவரும் லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே உட்காரட்டும். சீட்டுக்கு அடியில் இருக்கும் ஜாக்கெட்டை மூழ்கும் விமானத்தில் யாரும் தேடி எடுக்க முடியாது.

ஜூன் 10

10,500 பற்றிப் பேசியதால் மூச்சு பற்றியும். உலகப் பொது விதி: 10,000 அடிக்கு மேல் 30 நிமிடத்துக்கு அதிகமானால் ஆக்சிஜன், 13,000 தாண்டினால் முழு நேரமும். மூளைக்குக் காற்று குறைவதை மூளையே கவனிக்காது. முதலில் ஒரு தெம்பு, சிரிப்பு வரும். பிறகு ரேடியோவில் கேட்டதைத் திருப்பிச் சொல்வதில் பிசகும். கோவிட் காலத்தில் வாங்கி வீட்டில் கிடக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டரை எடுத்துப் போங்கள். அது காட்டும் ஆக்சிஜன் அளவு 90க்குக் கீழே போனால் இறங்குங்கள். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஆக்சிஜன் குறையும் உயரம் இன்னும் தாழ்வாகவே வரும்.

ஜூன் 24

வெப்பம் 33, பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகத் திரளும் வெப்பம், 25. வித்தியாசம் 8ஐ, டிகிரிக்கு 400 அடி வீதம், பெருக்க 3,200: குவிமேகத்தின் அடிப்பாகம் அங்கே. கட்டுப்பாட்டு வான்வெளியில் மேகத்துக்குக் கீழே 1,000 அடி விட வேண்டுமென்றால் 2,200தான் இன்றைய உச்சம். கடற்காற்று உள்ளே நுழையும் மதியத்தில் மேகவரிசை நிலத்தின் மேல் நிற்கும், கடல் தெளிவாகக் கிடக்கும். அந்தத் தெளிவை நம்பிக் கடல் பக்கம் ஒதுங்கினால் ஜூன் 9 கணக்கு திரும்பி வரும். 2,200 அடியிலிருந்து, காற்றில்லாவிட்டாலும், சுமார் மூன்றேகால் கடல் மைல்தான் மிதக்க முடியும்.

அக்டோபர் 28

வாடை. மேகத்தின் அடிப்பாகம் 1,200 அடியில். கட்டுப்பாடில்லாத வான்வெளியில் 3,000 அடிக்குக் கீழே மேகத்தைத் தொடாமல், தரை தெரிய, 5 கிலோமீட்டர் பார்வை இருந்தால் சட்டம் தடுக்காது. விட வேண்டிய குறைந்தபட்ச உயரம் தரையிலிருந்து 500 அடி, ஊர்களின் மேல் 1,000. ராமேஸ்வரம் ஊர் மேல் போக மிஞ்சுவது 200 அடி. மழை வடகிழக்கிலிருந்து வருகிறது, பாம்பன் பாலம் இந்தக் கரையிலிருந்தே மங்கலாகத்தான் தெரிகிறது. இன்று விமானம் கொட்டகையிலேயே நிற்கட்டும்.