ஐஸ் பெட்டியில் போன ரத்தம்

அக்கா மகனுக்கு 14 வயதில் மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்தான். 16 வயதில் மறுபடியும் வந்தது. முதுகில் நீர் எடுத்துப் பார்த்ததில் இரண்டு தடவையும் மெனிங்கோகாக்கஸ் என்ற ஒரே கிருமி. அதே கிருமி திரும்பி வந்ததால் ரத்தத்தில் காம்ப்ளிமென்ட் அளவு பார்த்தே ஆகவேண்டும் என்றார் டாக்டர். அந்தச் சொல்லை அன்றுதான் முதலில் கேட்டோம்.

நாங்கள் செங்கோட்டைக்காரர்கள். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர். இன்றும் பெரிய வியாதி என்றால் ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை வழியாகத் திருவனந்தபுரம்தான் எங்களுக்கு. ஆனால் ரத்தம் கொடுக்க மட்டும் அவ்வளவு தூரம் எதற்கு என்று பக்கத்திலேயே ஒரு லேபில் கொடுத்தோம். அங்கேதான் சறுக்கியது. சித்திரை வெயில். காலையில் எடுத்த டியூப் சாயங்காலம் கூரியர்காரர் வரும்வரை மேஜை மேலேயே கிடந்தது. அக்காவே பார்த்திருக்கிறாள், தப்பு என்று தெரியவில்லை.

ரிப்போர்ட்டில் சிஹெச் 50 என்ற பரிசோதனைக்கு நேராகப் பூஜ்யம். காம்ப்ளிமென்ட் மொத்தமாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதாம் அது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, ரத்தம் எப்படிப் போனது என்று கேட்டார். சொன்னோம். "இதை நம்ப முடியாது" என்று ஓரமாக வைத்துவிட்டார்.

காரணம் அப்புறம் சொன்னார். காம்ப்ளிமென்ட் என்பது ஒன்றல்ல, ரத்தத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட புரதங்கள் சேர்ந்து கிருமியைத் தாக்கும் வேலையைச் செய்கின்றன. பெரும்பாலும் கல்லீரலில் உண்டாகின்றன. அவற்றில் சில சூட்டைத் தாங்காதவை. சீரம், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர், 56 டிகிரியில் அரை மணி நேரம் இருந்தால் கிருமியைக் கொல்லும் சக்தியை இழந்துவிடும். ஜூல்ஸ் போர்டே என்ற பெல்ஜியக்காரர் 1890-களில் சூடாக்கிய சீரத்தோடு கொஞ்சம் புது சீரம் கலந்ததும் அந்தச் சக்தி திரும்பியதைக் கண்டார். 1919-க்கான நோபல் பரிசு அவருக்குத்தான். எங்கள் டியூப் 56 டிகிரி பார்க்கவில்லைதான். ஆனால் நாள் முழுக்க வெளியில் கிடந்தாலே அளவு இறங்கிவிடுமாம்.

இரண்டாம் தடவை ஆடிச் சாரலில் பையனையே திருவனந்தபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அங்கேயே ரத்தம் எடுத்து, உறைந்ததும் சுழற்றி சீரத்தைப் பிரித்து, கடுங்குளிரில் உறையவைத்தார்கள். அப்புறம் உலர் பனி நிரப்பிய தெர்மாகோல் பெட்டியில் வேறு ஊர் லேபுக்கு அனுப்பினார்கள். மூடியைத் திறந்தபோது புகை மாதிரி எழும்பியதைப் பார்த்து மருமகன் சிரித்தான். அங்கே செம்மறியாட்டின் சிவப்பணுக்களில் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தைப் பூசி, நோயாளியின் சீரத்தை ஊற்றுவார்கள். காம்ப்ளிமென்ட் நன்றாக இருந்தால் அணுக்கள் வெடிக்கும்.

முதல் ரிப்போர்ட் வெயிலால் வந்த தப்பு என்று வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். இரண்டாவதும் பூஜ்யம். ஆனால் அந்தப் புரதங்களில் சி3, சி4 என்ற இரண்டும் சரியான அளவில் இருந்தன. அது எப்படி என்று கேட்டதும் டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கம் வரைய ஆரம்பித்தார்.

சி3 உடைந்து அதன் ஒரு துண்டு கிருமியின் மேல் ஒட்டும். ஒட்டியதை வெள்ளை அணு சட்டென்று பிடித்து விழுங்கும். இந்தப் பாதி இவனுக்கு நன்றாகவே நடக்கிறது. அதற்கப்புறம் சி5-இன் ஒரு துண்டும், 6, 7, 8-ம் வரிசையாகச் சேரவேண்டும். கடைசியில் சி9 பதினெட்டு வரை வட்டமாக நின்று கிருமியின் தோலில் ஓட்டை போடும். தண்ணீர் உள்ளே புகுந்து கிருமி வெடிக்கும். எனக்குக் கிணற்று உறை வார்க்கும் தொழில். அந்த வட்டத்தைப் பார்த்ததும் உறை இறக்குவதுதான் ஞாபகம் வந்தது. பின்னால் செய்த பரிசோதனையில் இவனிடம் இல்லாதது சி7 என்று தெரிந்தது. அது இல்லாவிட்டால் கூட்டம் கிருமியின் தோலுக்குள் இறங்கவே முடியாதாம். முதல் உறையே இறங்காத கிணறு.

மற்ற கிருமிகளில் பெரும்பாலானவற்றை முதல் பாதியே சமாளித்துவிடும். மெனிங்கோகாக்கஸ் போன்ற சிலவற்றுக்குத்தான் இந்த ஓட்டை ரொம்ப முக்கியம்.

"சொந்தத்துலயா கல்யாணம்?" என்று டாக்டர் கேட்டதும் அக்கா அழுதுவிட்டாள். மாப்பிள்ளை அத்தை மகன்தான். இருவரிடமும் இதற்கான மரபணுவின் ஒவ்வொரு பழுதான பிரதி இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்தக் குறை வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. சின்னவளுக்கும் ரத்தம் எடுத்தார்கள். அவளுக்கு எல்லாம் சரி.

குறையை ஈடுசெய்ய மருந்து இல்லை. தடுப்பூசி உண்டு. இந்தக் கிருமியின் ஏ, சி, டபிள்யூ, ஒய் என்ற நாலு வகைக்கு, எட்டு வார இடைவெளியில் இரண்டு ஊசி, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பூஸ்டர். ஆன்டிபாடி கூடினால் வெள்ளை அணுக்கள் பிடிப்பது சுலபமாகும். தென்காசியில் மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, "ஹஜ்ஜுக்குப் போறீங்களா அண்ணாச்சி?" என்றார். யாத்திரை போகிறவர்களுக்குப் போடும் அதே ஊசியாம். சொல்லிவைத்து வரவழைத்தார், விலையும் கொஞ்சநஞ்சமில்லை.

தினமும் பென்சிலின் மாத்திரையும் சாப்பிடுகிறான். பர்ஸில் லேமினேட் செய்த சீட்டு ஒன்று இருக்கிறது. அதில் 'காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரி' என்று தமிழில் எழுதியிருக்கிறேன். கீழே மலையாளத்தில் அவனே எழுதிக்கொண்டான். மலையாளத்தில் காய்ச்சலுக்குப் 'பனி' என்று பெயர். உலர் பனி ஞாபகம் வருது மாமா என்று அதற்கும் சிரிக்கிறான்.