ஜைரோவுக்கு இன்னும் 20 லீற்றர்: தாங்கியை எங்கே வைப்பது?

என்னுடையது ஒற்றை இருக்கை ஜைரோப்பிளேன், அதாவது மேலே காற்றில் தானாகச் சுற்றுகிற றோட்டர் தூக்கிப் பிடிக்க, பின்னால் புரொப்பெலர் தள்ளுகிற சின்ன விமானம். பென்சன் என்பவர் வடிவமைத்த பாணியில் அலுமினியச் சட்டம், பின்னால் றொட்டாக்ஸ் 582, இருக்கையே பெற்றோல் தாங்கியாகவும் இருக்கிற வகை, 25 லீற்றர் பிடிக்கும். இந்த எஞ்சின் நிதானமாக ஓடினாலே மணிக்குப் பதினெட்டு லீற்றர் அளவில் குடிக்கும், அதனால் கடைசிக் கையிருப்பைக் கழித்துப் பார்த்தால் ஒரு மணித்தியாலம்தான் மிஞ்சும், சோளகம் அடிக்கிற மாதங்களில் எதிர்க்காற்றில் திரும்பி வர அது போதாது. ஆள் இன்னும் தரையில்தான், சிவில் விமானச் சேவைகள் அதிகார சபையின் அனுமதி இல்லாமல் எழும்பவும் கூடாது. ஆனால் நிறைக் கணக்கை எழுதிக் கொடுப்பதற்கு முன்னமே மேலதிகத் தாங்கியைப் பூட்டிவிட வேண்டும், பிறகு மாற்றினால் எல்லாக் கணக்கும் முதலில் இருந்து.

குருநகரில் பைபர் படகு வேலை செய்கிற அண்ணை ஒருவர் வந்து பார்த்தார். கீலோடு (சட்டத்தின் அடியில் நீளவாக்கில் ஓடுகிற குழாய்) சேர்த்து, இருக்கைக்கு அடியில் தட்டையாக ஒரு தாங்கி வார்த்துத் தரலாம் என்றார். "தம்பி, பாரத்தைக் கீழ வையும், அப்பத்தான் ஆடாது." படகுக்கு அது நூற்றுக்கு நூறு சரி. ஜைரோவுக்கு அப்படி இல்லை, இந்தப் பதிவே அதைச் சொல்லத்தான்.

புரொப்பெலர் தள்ளுகிற கோடு எங்கே போகிறது, முழு இயந்திரத்தின் புவியீர்ப்பு மையம் எங்கே இருக்கிறது என்பதுதான் இங்கே உயிர்நாடி. தள்ளுகிற கோடு மையத்துக்கு மேலே இருந்தால் புரொப்பெலர் எந்நேரமும் மூக்கைக் கீழே அமுக்கப் பார்க்கும். றோட்டரில் பாரம் இருக்கிறவரை அது தாங்கிப் பிடிக்கும். ஒரு காற்றடியிலோ கைப்பிடியைச் சட்டென்று முன்னுக்குத் தள்ளினதிலோ றோட்டரின் பாரம் கழன்றால், பிடிக்க ஆள் இல்லை, இயந்திரம் முன்பக்கமாகக் குப்புறப் புரண்டுவிடும், அதிலிருந்து மீள முடியாது. பழைய தாழ்ந்த இருக்கை ஜைரோக்களில் பலர் செத்தது இப்படித்தான். ஆகவே அடியில் பாரம் கூட்டினால் மையம் இன்னும் இறங்கும், ஆபத்து கூடும்.

ஊகத்தில் விடாமல் தொங்கவிட்டுப் பார்த்தேன். றோட்டர் தலையின் போல்ட்டில் செயின் புளொக்கைக் கொழுவி, என் நிறையுள்ள மச்சானை இருக்கையில் கட்டி, அதே போல்ட்டிலிருந்து மேசன்மாரின் தூக்குக்குண்டை விட்டுச் சட்டத்தில் சோக்கால் கோடு. அப்புறம் மாஸ்ட் (றோட்டரைத் தாங்குகிற நிமிர்ந்த தூண்) உச்சியில் முன்னுக்கு ஒரு தற்காலிகப் பட்டை பூட்டி அதிலிருந்து தொங்கவிட்டு இன்னொரு கோடு. இரண்டும் வெட்டுகிற இடம்தான் மையம். தள்ளுகிற கோடு அதற்கு 4 சென்ரிமீற்றர் மேலே போகிறது. 20 லீற்றர் பெற்றோல் கிட்டத்தட்ட 15 கிலோ, தாங்கி, பட்டையோடு 17. அதை மையத்துக்கு 30 சென்ரிமீற்றர் கீழே வைத்தால், மொத்த நிறை 260 கிலோ அளவில், மையம் 2 சென்ரிமீற்றர் இறங்கி இடைவெளி ஆறாகும். 20 சென்ரிமீற்றர் மேலே வைத்தால் இடைவெளி மூன்றுக்கும் குறையும். இதற்குப் பிறகு என்ன யோசனை!

அதனால் இருக்கை முதுகுக்குப் பின்னால், மாஸ்டின் இரண்டு பக்கமும், ஆளுக்குப் பத்து லீற்றர். மேலே வைத்தால் சைலன்சர் கிட்ட வரும், அதை மறுக்கவில்லை, இடையில் அலுமினியத் தகடு போட்டுத் தகட்டுக்கும் தாங்கிக்கும் நடுவே காற்று போக இடம் விட்டிருக்கிறேன். அலுமினியத்தில் வெல்டிங் பண்ணி ஒட்டி எடுக்கலாம் என்று கராஜில் சொன்னார்கள், ரூ ஸ்ட்ரோக் எஞ்சினின் அதிர்வில் ஒட்டு வெடிக்கும் என்று எனக்குப் பயம், பெற்றோலுக்கென்றே செய்த தடித்த பிளாஸ்ரிக் தாங்கியாக வாங்கிவிட்டேன். பட்டைக்கு அடியில் லொறி ரியூப் வெட்டிப் போட்டது.

இரண்டு தாங்கியின் அடியும் ஒரே குழாயில், மேல்பக்கக் காற்றுக்குழாயும் ஒரே குழாயில். இது முக்கியம். காற்றுக்குழாய் தனித்தனியாக இருந்தால் இரண்டிலும் அழுத்தம் வேறுபட்டு ஒன்று முந்தி வற்றும், மற்றது பாரமாக ஒரு பக்கம் இழுக்கும். காற்றுக்குழாய் அடைத்தால் இன்னும் மோசம், தாங்கிக்குள் வெற்றிடம் பிடித்துப் பெற்றோல் வரவே வராது.

அடியிலிருந்து 12 வோல்ட் பம்ப் ஒன்று பிரதான தாங்கிக்கு ஏற்றுகிறது. எஞ்சினுக்கு நேரே கொடுக்காததற்குக் காரணம், பம்ப் நின்றாலும் இருக்கைத் தாங்கியில் இருப்பது அப்படியே இருக்கும், நேரத்தோடு இறங்கலாம். பம்ப் நிமிடத்துக்கு ஒரு லீற்றர் அளவில் தள்ளுகிறது, எஞ்சின் குடிப்பதைவிட மூன்று மடங்கு வேகம், ஆகவே பிரதானத்தில் பத்து லீற்றர் குறைந்த பிறகு பத்து ஏற்றி நிறுத்த வேண்டும், மறந்தால் காற்றுக்குழாயால் வெளியே கொட்டும், சூடான சைலன்சர் பக்கத்தில் அது நடக்கவே கூடாது. சுவிட்சுக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு வைத்திருக்கிறேன்.

இன்னும் இரண்டு விஷயம். மேலதிகத் தாங்கிக்கும் அதே ஐம்பதுக்கு ஒன்று ஓயில் கலவைதான், பத்து லீற்றருக்கு 200 மில்லிலீற்றர், வெறும் பெற்றோல் ஏறினால் பிஸ்டன் இறுகும். மற்றது, வாய் முட்ட நிரப்பாதீர்கள். பெற்றோல் 10 பாகை சூட்டுக்கு நூற்றுக்கு ஒன்று அளவில் விரியும், எங்கள் சித்திரை வெயிலில் நிறுத்தி வைத்தால் அது எங்கேயாவது வழிந்தே தீரும்.

நிரப்பித் தொங்கவிட்டும் வெறுமையாகத் தொங்கவிட்டும் கீலின் சரிவைப் பார்த்தாயிற்று, அரைப் பாகைகூட மாறவில்லை. எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்ததில் வலப்பக்கப் பட்டைக்கு அடியில் ரியூப் கொஞ்சம் அரைந்திருக்கிறது. அகலமான பட்டை வெட்டிக்கொண்டிருக்கிறேன், அது பூட்டின பிறகுதான் அடுத்த ஓட்டம்.