அதே பாறை, இரண்டாம் முறை

உருளைக்கல் நிறைந்த ஆற்றுப்படுகையில் வண்டி ஓட்டும்போது கட்டைவிரலை ஸ்டியரிங் வீலின் கம்பிகளுக்குள் விடக்கூடாது. எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது முதல் பயணத்தின் நான்காவது கிலோமீட்டர். முன்சக்கரம் ஒரு கல்லில் இடித்தது, வீல் தானாகக் கால் சுற்று சுழன்றது, கட்டைவிரல் இரண்டு நாள் வீங்கிக் கிடந்தது.

வண்டி பழைய டொயோட்டா பிக்கப். முன்பக்கம் முழு ஆக்சில் (இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே தண்டு), லீஃப் ஸ்பிரிங் (பட்டைவில்). அதை 4 அங்குலம் உயர்த்தி, 35 அங்குல டயர் மாட்டி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. ஸ்டியரிங்கில் மட்டும் கைவைக்கவில்லை. ஸ்பிரிங், ஷாக், நீளமான பிரேக் ஹோஸ் எல்லாம் மாற்றியாயிற்று, இனி கிளம்ப வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

வழி மொத்தம் 12 கிலோமீட்டர். முதல் பாதி வறண்ட ஆறு, பிறகு பாறைப்படிகளாக ஏறும் மலைத்தடம். ஆற்றைத் தாண்டும் முன்பே கை ஓய்ந்துவிட்டது. இடதுசக்கரம் பள்ளத்தில் இறங்கினால் வண்டி ஒரு பக்கம் போகும், மேட்டில் ஏறினால் மறுபக்கம் போகும். நான் வீலை ஒடிக்கவே இல்லை. ஆக்சில் ஏறி இறங்குவதே சக்கரத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது.

1979 முதல் 1985 வரை வட அமெரிக்காவுக்கு வந்த டொயோட்டா நால்சக்கர இயக்கப் பிக்கப்புகளில், ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிராக் லிங்க் என்ற கம்பி வண்டியின் நீளவாக்கில் ஓடும். ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து தொங்கும் பிட்மேன் ஆர்ம் என்ற நெம்புகை முன்னும் பின்னுமாக ஆட, ஓட்டுநர் பக்க நக்கிளை (சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் பாகம்) டிராக் லிங்க் தள்ளி இழுக்கும். என் வண்டியும் அதே அமைப்புதான். தொழிற்சாலை உயரத்தில் அதில் ஒரு குறையும் இல்லை, டிராக் லிங்க் கிட்டத்தட்ட படுத்த வாக்கில் இருக்கும். நான் 4 அங்குலம் தூக்கியதும் அது சரிந்து நின்றது. ஆக்சில் மேலே போகும்போது ஸ்பிரிங் அதை ஒரு வளைவில் கொண்டுபோகிறது, சரிந்த டிராக் லிங்கின் முனை வேறொரு வளைவில் போகப் பார்க்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நக்கிளைத் திருப்பிவிடுகிறது. இதைத்தான் பம்ப் ஸ்டியர் என்கிறார்கள்.

இதெல்லாம் எனக்குப் பிறகு புரிந்தது. அன்று புரிந்தது ஒன்றுதான்: மூன்றாவது பாறைப்படியில் "டங்" என்று கீழே சத்தம் கேட்டது, அதன் பின் வண்டி நேராகப் போக மறுத்தது.

இறங்கிப் படுத்துப் பார்த்தேன். ஆக்சிலுக்குப் பின்னால், ஸ்பிரிங்குகளுக்குக் கீழே ஓடி இரு முன்சக்கரங்களையும் சேர்த்துத் திருப்பும் குழாயான டை ராட் நடுவில் வில்லாக வளைந்திருந்தது. வளைந்ததில் அதன் நீளம் குறைந்து, டயர்களின் பின்விளிம்புகள் நெருங்கி, முன்விளிம்புகள் விரிந்துவிட்டன. ஒரு சக்கரம் கிழக்கே பார்க்கிறது, மற்றது மேற்கே.

"கழட்டாம ஓட்டிடலாமா?" என்றான் நண்பன்.

"டயர் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடும்டா. இறக்கத்துல என்னால பிடிக்க முடியாது."

சக்கரங்களுக்கு அண்டைக்கல் வைத்துவிட்டு டை ராடைக் கழற்றினோம். இரண்டு கல்லின் மேல் அதைக் குறுக்கே கிடத்தி, வளைவு மேலே வரும்படி திருப்பி, சேசிஸுக்கும் (வண்டியின் அடிச்சட்டம்) அதற்கும் நடுவில் பாட்டில் ஜாக்கியை வைத்து அழுத்தினோம். வண்டியின் எடையே அதை நிமிர்த்தியது. திரும்ப மாட்டி, டயர் நடுக்கோடுகளுக்கு இடையே முன்னும் பின்னும் டேப்பால் அளந்து, ஓரளவு சமமாக்கிக்கொண்டு இறங்கினோம். வந்த வழியே திரும்ப மூன்று மணி நேரம். ஒருமுறை வளைந்த குழாய் அடுத்த இடியில் சுலபமாக வளையும். ஒவ்வொரு கல்லுக்கும் நண்பன் முன்னால் நடந்து கை காட்டினான்.

ஊர் திரும்பியதும் யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. ஸ்டியரிங்குக்கு டாம்பர் (அதிர்வை அடக்கும் சிறு ஷாக்) போடு, வீலின் உதறல் நிற்கும் என்றார்கள். டாம்பர் உதறலை விழுங்கும், டிராக் லிங்கின் சரிவை மாற்றாது. வியாதியை மறைக்கிற மருந்து அது. கீழிறங்கிய பிட்மேன் ஆர்ம் போடு என்றார்கள். சரிவு குறையும், உண்மைதான். ஆனால் ஆர்ம் நீண்டால் பாக்ஸின் மேல் விழும் முறுக்கு கூடும். பாறை பதம் பார்த்த டை ராடோ அங்கேயேதான் கிடக்கும்.

அதனால் முழுதாக மாற்ற முடிவு செய்தேன். 1986 மாடலிலிருந்து அந்தப் பிக்கப்புகளுக்கு முழு ஆக்சில் போய், முன்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் வந்தது. அந்த வண்டிகளின் ஸ்டியரிங் பாக்ஸில் பிட்மேன் ஆர்ம் இடவலமாக ஆடும். அதைப் பழைய சேசிஸில் பொருத்தினால், டிராக் லிங்கை வண்டியின் குறுக்கே எதிர்ப்பக்க நக்கிளுக்குக் கொண்டுபோகலாம். லிங்க் நீளமாகிறது, சரிவு குறைகிறது, ஆக்சில் ஏறி இறங்கினாலும் சக்கரம் பெரிதாகத் திரும்பாது. இதுதான் கிராஸ்ஓவர் ஸ்டியரிங். காயில் ஸ்பிரிங் வண்டி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உங்களுக்கு டிராக் பார் (ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் சேசிஸோடு பிணைக்கும் கம்பி) உண்டு. டிராக் லிங்கும் அதுவும் ஒரே சரிவில், முடிந்தவரை ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பம்ப் ஸ்டியரை நீங்களே உண்டாக்கியதாகிவிடும்.

பாக்ஸ் உட்காரும் தகட்டை நான் வெல்ட் செய்யவில்லை. அந்த வேலை கை தேர்ந்தவருடையது, அவரிடமே கொடுத்தேன். சேசிஸ் வழியாகப் போகும் ஒவ்வொரு போல்ட்டுக்கும் அவர் உள்ளே குழாய்த்துண்டு வைத்து வெல்ட் செய்தார். அது இல்லாவிட்டால் போல்ட்டை முறுக்க முறுக்க, உள்ளே வெற்றிடமான பெட்டிச்சேசிஸ் நசுங்கும், பாக்ஸ் என்றைக்கும் இறுகி நிற்காது.

எனக்கு மிகப் பிடித்த வேலை நக்கிளில்தான். மேலே இருக்கும் மூடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில், டிராக் லிங்கும் டை ராடும் மாட்டும் உயர்ந்த ஆர்ம்களைப் பொருத்த வேண்டும். அடியில் காகிதம் போல மெல்லிய தகடுகள், அதாவது ஷிம்கள், இருக்கும். ஒரு ஷிம் கூடினாலோ குறைந்தாலோ உள்ளே இருக்கும் பேரிங்கின் இறுக்கம் மாறிவிடும். ஆர்மின் முனையில் ஸ்பிரிங் தராசைக் கொக்கி போட்டு மெல்ல இழுத்து, நக்கிள் அசையத் தொடங்கும் கணத்தில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தேன். ஷிம்மை எடுத்தேன், வைத்தேன், மறுபடி இழுத்தேன். ஒரு பக்கத்துக்கே ஒரு சாயங்காலம் போனது. கை முழுக்கக் கிரீஸ், மனம் முழுக்க நிம்மதி.

புது டை ராட் இப்போது ஸ்பிரிங்குகளுக்கு மேலே ஓடுகிறது. 1.25 அங்குல விட்டம், 0.25 அங்குலச் சுவர்த் தடிமன். ஒரு முனையில் வலப்புரி மரை, மறுமுனையில் இடப்புரி மரை, அதனால் குழாயைச் சுற்றினாலே சக்கரம் சரியாகும். டயர்களின் முன்விளிம்புகளைப் பின்விளிம்புகளைவிட 3 மில்லிமீட்டர் நெருக்கமாக வைத்தேன். ஆக்சிலை முழுதாக மேலே தள்ளி, வீலை இருபுறமும் கடைசி வரை ஒடித்து, எதுவும் சேசிஸிலோ என்ஜினின் அடியிலோ உரசவில்லை என்று பார்த்த பிறகுதான் நட்டு கழலாமல் பூட்டும் காட்டர் பின்களை வளைத்தேன்.

பிறகு அதே ஆறு. முதல் ஒரு கிலோமீட்டர் வீலை இறுகப் பிடித்தே ஓட்டினேன், பழைய பயம். மெல்ல மெல்லப் பிடி தளர்ந்தது. இடதுசக்கரம் முழங்கால் உயரக் கல்லில் ஏறி இறங்கியது, வீல் அசையவில்லை. பக்கத்தில் இருந்த நண்பன் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "விரல் எங்க இருக்கு?" என்றான். கட்டைவிரல் வெளியேதான் இருந்தது. ஸ்டியரிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தப் பழக்கத்தை விடமாட்டேன்.

மூன்றாவது படியில் அந்தப் பாறை அப்படியே இருந்தது, மேலே எங்கள் டை ராட் உரசிய கோடு இன்னும் மங்காமல். அதே தடத்தில் ஏற்றினேன். சத்தம் இல்லை. இறங்கிப் பார்த்தபோது பாறையின் முனைக்கும் டை ராடுக்கும் நடுவே என் முழு உள்ளங்கை செங்குத்தாக நுழைந்தது.

அன்று இருட்டும் நேரம் மேட்டின் உச்சியில் நிறுத்தினோம். நண்பன் கூடாரம் அடிக்க, நான் டார்க் ரெஞ்சும் (நட்டை அளவோடு இறுக்கும் கருவி) நெற்றி விளக்குமாக நக்கிள் ஆர்ம் நட்டுகளைச் சோதித்தேன். புதிதாக மாட்டிய ஆர்ம் முதல் ஓட்டத்தில் கொஞ்சம் உட்காரும், நட்டு தளரும். எட்டில் ஆறு அசையவில்லை. இடதுபக்கம் இரண்டு மட்டும் மயிரிழை சுழன்று "டிக்" என்றன. சாக்பீஸால் அவற்றுக்கு ஒரு கோடு போட்டுவைத்தேன், காலையில் கிளம்பும் முன் பார்க்க.