இருபத்திரண்டும் இருபத்துமூன்றும்: ஒரு நடுவரின் நாட்குறிப்பு

செப்டம்பர் 6, 2025, சனி

குறும்பட விழாவுக்கு வந்து குவிந்த படங்களை ஏற்பாட்டுக் குழு ஒருமுறை சலித்துவிட்டு, மிஞ்சிய இருபத்தாறை நடுவர்கள் மூவருக்கும் அனுப்பியிருக்கிறது. எல்லாம் தமிழ்ப் படங்கள், எல்லாம் சிங்கப்பூரில் எடுத்தவை. அனுப்பியவர்களில் பெரும்பாலோர் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள். சிலர் தேசிய சேவையை முடித்துவிட்டுப் பல்கலைக்கழகம் திறக்கக் காத்திருப்பவர்கள். ஒருவர் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் தஞ்சாவூர்க்காரர்.

பெயர்ப்பட்டியல் உட்பட 15 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. ஆஸ்கர்காரர்கள் 40 நிமிடம் வரை குறும்படம் என்று ஒப்புக்கொள்கிறார்கள். கான் விழாவின் குறும்படப் போட்டியில் 15தான். எங்கள் ஏற்பாட்டாளர் கான் பக்கம் சாய்ந்ததற்கு அவருக்கு ஒரு கும்பிடு. ஆனால் பட்டியலைப் பார்த்தால் பாதிப் படங்கள் பதினான்கே முக்கால் நிமிடத்தில் வந்து நிற்கின்றன. கதை முடிந்ததால் நின்றவையா, நேரம் முடிந்ததால் நின்றவையா என்பது பார்த்தால் தெரிந்துவிடும்.

மதிப்பெண் தாள்தான் எரிச்சலைக் கிளப்பியது. கதை, நடிப்பு, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, சமூகக் கருத்து. கட்டத்துக்கு இரண்டு மதிப்பெண், ஆகப் பத்து. ஒலிக்கு இடமே இல்லை! தொலைக்காட்சியில் ஒலிப்பதிவு செய்தே தலை நரைத்தவனை நடுவராகக் கூப்பிட்டுவிட்டு, ஒலிக்குக் கட்டம் போட மறந்திருக்கிறார்கள். சமூகக் கருத்தை மட்டும் மறக்கவில்லை.

திரையிடலுக்குக் கோல்டன் மைல் டவரில் இருந்த புரொஜெக்டர் அரங்கைத்தான் ஏற்பாட்டாளர் முதலில் நினைத்திருந்தாராம். 1973இல் கோல்டன் தியேட்டராகத் திறந்த கட்டடம், 2014இல் புரொஜெக்டராக மறுபிறவி எடுத்தது. போன மாதம் 19ஆம் தேதி அதை மூடிவிட்டார்கள். இந்த மாதம் ஒன்றாம் தேதியோடு கேத்தே சினிபிளெக்ஸ் அரங்குகளும் போயின. இப்போது யாரோ ஒருவரின் தயவில் நூறு பேர் அமரக்கூடிய சிறு அரங்கம் கிடைத்திருக்கிறது. குறும்படத்துக்கு அது போதும் என்று சமாதானம் சொல்லலாம். எனக்கு மனம் ஆறவில்லை. பதினெட்டு வயதில் எடுத்த படத்தைப் பெரிய திரையில் ஒருமுறை பார்ப்பவனுக்குத்தான் அதன் குறைகள் முழுதாகத் தெரியும்.

செப்டம்பர் 8, திங்கள்

இரவு உணவுக்குப் பிறகு எட்டுப் படங்கள். நாடு சுதந்திரமடைந்து அறுபது ஆண்டு ஆகிறதல்லவா, அவற்றில் நான்கு எஸ்ஜி60 படங்கள். தாத்தா பழைய புகைப்படத்தை எடுக்கிறார், பேரன் கைப்பேசியை ஓரமாக வைக்கிறான், புல்லாங்குழல் தொடங்குகிறது. இந்த மூன்றும் இதே வரிசையில் இரண்டு வெவ்வேறு படங்களில் வந்தபோது, ஒரே படத்தைத் திரும்ப ஓட்டுகிறேனோ என்று சந்தேகப்பட்டுக் கோப்பின் பெயரைச் சரிபார்த்தேன்.

நான்கில் ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். 1965ஆம் ஆண்டின் சிராங்கூன் சாலையைக் காட்ட அந்தப் பிள்ளைகள் செயற்கை நுண்ணறிவை நாடியிருக்கிறார்கள். காலை வெயில், மாட்டு வண்டி, வேட்டி கட்டிய ஆட்கள், ஐந்தடிப் பாதையில் மல்லிகைக் கூடை. முதல் பார்வைக்கு அசத்தல். கடைப் பலகையில் எழுத்துகள் தெரிந்தன, நிறுத்திப் பார்த்தேன். கொம்பு இருக்கிறது, சுழி இருக்கிறது, மேலே புள்ளிகூட இருக்கிறது. எழுத்து ஒன்றுகூட இல்லை. தமிழ்போலத் தோற்றமளிக்கும் ஏதோ ஒரு கிறுக்கல். அடுத்த கடை, அதற்கடுத்த கடை, தெரு முழுக்க அப்படியே. முன்னோர் கட்டிய தெருவைக் கொண்டாடும் படத்தில் அந்த முன்னோரால் வாசிக்கவே முடியாத பெயர்ப்பலகைகள்.

கருவியைப் பயன்படுத்தியதற்காக நான் மதிப்பெண் குறைக்கவில்லை. தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்தில் அந்தச் சாலையின் அசல் புகைப்படங்கள் கிடக்கின்றன. போய்ப் பார்க்கவில்லையே, அதற்குத்தான் குறைத்தேன்.

செப்டம்பர் 10, புதன்

ஒலியைப் பற்றிப் புலம்பித் தீர்த்துவிடுகிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது.

கையிலிருக்கும் கைப்பேசியே 4கே தரத்தில் படமெடுக்கும் காலம் இது. படம் கண்ணுக்குக் குறையில்லாமல்தான் இருக்கிறது. ஆள் வாயைத் திறந்ததும் கதை கந்தலாகிறது. கேமராவின் மேலேயே மைக்கைச் செருகிவிட்டு அறையின் மறுகோடியில் நடிகரை நிற்கவைத்தால், அவர் குரலைவிடக் குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல்தான் கேமராவுக்குப் பக்கம். அடுத்த ஷாட்டில் அந்த இரைச்சல் சட்டென்று அறுந்துபோகிறது, ஏனென்றால் அதை எடுக்கும்போது யாரோ குளிர்சாதனத்தை நிறுத்தியிருக்கிறார்கள். படத்தொகுப்பு மேசையில் இரண்டையும் ஒட்டவைக்க, யாரும் பேசாத வெற்று அறையின் ஓசையை அரை நிமிடம் தனியாகப் பதிந்து வைத்திருந்தால் போதும். காசு செலவில்லாத வேலை. இருபத்தாறு படங்களில் அதைச் செய்திருப்பவர்கள் இருவர் அல்லது மூவர் என்று காது சொல்கிறது.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் விடிகாலையில் படமெடுத்தவர் எவரும் குயிலிடமிருந்து தப்பிக்கவில்லை. கவிதையில் வரும் குயிலில்லை. ஐந்து மணிக்கே தொடங்கி, சுருதியை ஏற்றிக்கொண்டே போய், அடுக்குமாடி முழுவதையும் எழுப்பிவிடுகிற நம்மூர்க் குயில். ஒரு படத்தில் அம்மா இறந்துவிட்ட செய்தி தொலைபேசியில் வருகிறது. குயில் விடாமல் கூவுகிறது. இயக்குநர் அதை வெட்டாமல் விட்டிருக்கிறார். வேண்டுமென்றே விட்டாரா, வெட்டத் தெரியாமல் விட்டாரா? எப்படியானாலும் அந்தப் படத்தின் நல்ல இடம் அதுதான்.

படத்தொகுப்புக் கட்டத்தை ஒலிக்கும் சேர்த்தே பயன்படுத்துவது என்று முடிவு செய்துவிட்டேன்.

செப்டம்பர் 13, சனி

இதற்காகத்தான் இத்தனை படங்களையும் பார்த்தேன் போலிருக்கிறது.

பதினொரு நிமிடப் படம். நான்கறை வீட்டை விற்றுவிட்டார்கள்; மாலைக்குள் சாவியைக் கொடுக்க வேண்டும். சாமான்கள் போய்விட்டன. அம்மாவும் மகனும் மட்டும் இருக்கிறார்கள். பழைய குளிர்பதனப் பெட்டியை யார் கீழே கொண்டுபோவது, நகர மன்றத்துக்குச் சொன்னாயா இல்லையா என்று சண்டை. வீட்டைப் பற்றி, அப்பாவைப் பற்றி, எதைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. மகன் கோபித்துக்கொண்டு கீழே இறங்கிவிடுகிறான்.

பிறகு அம்மா சமையலறையில் மிஞ்சியிருந்த ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு வாசலில் குந்துகிறாள். நிலைப்படிக்கு வெளியே ஒட்டியிருந்த கோல ஸ்டிக்கரைச் சுரண்டத் தொடங்குகிறாள். வெட்டில்லாத நான்கு நிமிட ஷாட். கேமரா தரையோடு தரையாக இருக்கிறது. ஓரம் எளிதாக வருகிறது, நடுவில் பசை இறுகியிருக்கிறது. கத்தி சறுக்குகிறது. எச்சில் தொட்டுத் தேய்க்கிறாள், பிறகு நகத்தால் கீறுகிறாள். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி மின்தூக்கிக்குப் போகிற வழியில் நின்று பார்த்துவிட்டுப் போகிறார். சற்று நேரத்தில் திரும்பி வந்து ஒரு சிறிய எண்ணெய்ப் புட்டியைத் தரையில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் நடக்கிறார். எண்ணெய் பட்டதும் பசை இளகுகிறது. கடைசித் துண்டும் வந்துவிட்டது. தரை ஓட்டில் கோலம் இருந்த இடம் மட்டும் வெள்ளையாக, அதே கோலத்தின் வடிவில் இருக்கிறது. அவள் அதையும் தேய்க்கிறாள். அது போகவில்லை.

பின்னணி இசை கிடையாது. கத்தி ஓட்டில் உராயும் ஒலி காதுக்குள் கேட்கிறது. 9 போட்டேன். சமூகக் கருத்துக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று யோசித்து, அதிலும் இரண்டைப் போட்டேன். எண்ணெய்ப் புட்டியைவிடப் பெரிய சமூகக் கருத்து இந்த விழாவுக்கு வந்த எந்தப் படத்திலும் இல்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

மிச்சப் படங்கள். சொல்ல அதிகமில்லை. ட்ரோனை வாடகைக்கு எடுத்தால் காசை ஈடுகட்ட மரினா பேயைச் சுற்றிச் சுற்றிக் காட்டியே ஆக வேண்டும் போலிருக்கிறது. ஒரு பேய்ப்படம் வாய்விட்டுச் சிரிக்கவைத்தது. இன்னொன்றில் கெட்ட வார்த்தைகள் கொட்டிக் கிடக்கின்றன. ஊடக ஆணையத்திடம் என்சி16, அதாவது பதினாறு வயது நிரம்பாதவர்களுக்கு அனுமதியில்லை என்ற சான்று, கிடைத்தால் தொடக்கக் கல்லூரிக்குக் கீழே உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோரை உள்ளே விட முடியாதே என்று ஏற்பாட்டாளர் கவலைப்படுகிறார். நியாயமான கவலைதான், ஆனால் அது அவருடைய கவலை. படம் சுமார்.

செப்டம்பர் 20, சனி

விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் ஓர் அறை எடுத்து மூவரும் உட்கார்ந்தோம். என்னைத் தவிர, பலதுறைத் தொழிற்கல்லூரியில் திரைக்கதை கற்பிக்கும் விரிவுரையாளர் ஒருவர். என் மகள் வயது. மற்றவர் பழைய தொலைக்காட்சித் தயாரிப்பாளர். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறேன்.

உட்காரும் முன்பே ஏற்பாட்டாளர் கணக்குப் போட்டு வைத்துவிட்டார். சுரண்டும் படத்துக்கு விரிவுரையாளர் 9, நான் 9, அண்ணன் 4. மொத்தம் 22. தாத்தா பேரன் படங்களில் நன்றாக எடுத்திருந்த ஒன்றுக்கு 8, 7, 8. மொத்தம் 23. முதல் பரிசு அதற்கு.

அண்ணனுக்கு மிகவும் பிடித்தது பேய்ப்படம், அதற்கு 9 போட்டிருந்தார். எங்கள் இருவருக்கும் சுரண்டும் படம். ஆக, மூவரில் ஒருவருக்குக்கூட முதல் படமாக இல்லாத படம் முதல் பரிசு வாங்குகிறது. கூட்டிப் பார்க்கிற முறையின் குணமே இதுதான். யாருக்கும் பிடிக்காமல் போகாத படம் மேலே மிதக்கும். ஒருவரை உலுக்கி இன்னொருவரை வெறுப்பேற்றும் படம் அடிபடும். துணிந்து எடுத்தவனுக்கு எதிராகவே இந்தத் தாளை அச்சடித்திருக்கிறார்கள்.

"இதில் என்னதான் நடக்கிறது? ஒரு பெண் தரையைச் சுரண்டுகிறாள். நானும் நான்கு நிமிடம் பொறுத்துப் பார்த்தேன்" என்றார் அண்ணன்.

"அவள் சுரண்டுவதை நிறுத்திவிட்டால் வீடு போய்விட்டது என்று அர்த்தம், ஐயா. அதனால்தான் முடிந்த பிறகும் தேய்க்கிறாள்" என்றார் விரிவுரையாளர்.

"அதை அவள் வாயால் ஒரு வரி சொன்னால் என்ன குறைந்துவிடும்?"

"சொல்லியிருந்தால் நீங்கள் 8 போட்டிருப்பீர்கள், அண்ணே. நான் 5 போட்டிருப்பேன்" என்றேன்.

சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும் அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. "இதற்கு முதல் பரிசு கொடுத்துப் பாருங்கள். அடுத்த ஆண்டு ஐம்பது பிள்ளைகள் எதையாவது சுரண்டி அனுப்புவார்கள். நாங்கள் வசந்தம் ஒளிவழிக்கு நாடகம் எடுத்த காலத்தில் பார்வையாளர் சேனலை மாற்றிவிடுவார் என்ற பயத்திலேயே வேலை பார்த்தோம். அந்தப் பயம் கொஞ்சம் இருப்பது நல்லது." உண்மை. அந்தப் பயம் இருந்திருந்தால் இந்த இருபத்தாறில் பத்துப் படங்கள் பாதி நீளத்தில் முடிந்து, இரண்டு மடங்கு நன்றாக இருந்திருக்கும்.

ஒன்றரை மணி நேரம் பேசினோம். அண்ணன் தம் மதிப்பெண்ணை மாற்றச் சம்மதிக்கவில்லை. மாற்றச் சொல்வதும் முறையில்லை. விதிமுறைப்படி மொத்தத்தைத்தான் பார்ப்போம் என்று ஏற்பாட்டாளர் கையை விரித்துவிட்டார். கடைசியில் விரிவுரையாளர்தான் விதிமுறைத் தாளின் பின்பக்கத்தில் ஒரு வரியைக் கண்டுபிடித்தார்: நடுவர்கள் விரும்பினால் சிறப்புப் பரிசு ஒன்றை வழங்கலாம். அதற்கு மூவரும் கையெழுத்துப் போட்டோம். அண்ணனும்தான்.

செப்டம்பர் 21, ஞாயிறு

நடுவர் சிறப்புப் பரிசு என்றால் ஆறுதல் பரிசு என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது நடுவர்களுக்குள் சண்டை நடந்ததற்கான அத்தாட்சி.

சிங்கப்பூர் அனைத்துலகத் திரைப்பட விழா 1987இல் பிறந்தது. 1991இல் குறும்படங்களுக்குப் போட்டி வைத்தது. அந்த ஆண்டு பரிசு வாங்கிய எரிக் கூ, 2008இல் தமிழ் பேசும் படம் ஒன்றோடு கான் போட்டிப் பிரிவுக்கே போனார். அதே அனைத்துலக விழாவில் நம் கே. ராஜகோபால் 1995, 1996, 1997 என்று அடுத்தடுத்து மூன்று ஆண்டும் வாங்கியது இந்த நடுவர் சிறப்புப் பரிசைத்தான். அவருடைய முழுநீளப் படம் 2016இல் கான் விழாவின் விமர்சகர் வாரத்தில் திரையிடப்பட்டது. நடுவில் எத்தனை ஆண்டுகள் என்று கணக்குப் பார்த்தால், முதல் பரிசு கிடைக்காததற்கு அழும் பிள்ளைகளிடம் சொல்ல ஏதாவது கிடைக்கும்.

செப்டம்பர் 27, சனி

அரங்கம் நிறைந்துவிட்டது. பெற்றோர், தாத்தா பாட்டி, தோள்பை மாட்டிய நண்பர் கூட்டம். பேய்ப்படத்துக்குக் கூரை அதிர்ந்தது. அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு புருவத்தை உயர்த்தினார். சுரண்டும் காட்சியில் முதல் நிமிடம் இருமல், இரண்டாம் நிமிடம் கைப்பேசி வெளிச்சம். எண்ணெய்ப் புட்டி வந்ததும் அவ்வளவும் அடங்கிவிட்டது.

இயக்குநர் இருபது வயதுப் பெண். முடிந்ததும் பிடித்துக்கொண்டேன். ஏனம்மா ஒரே ஷாட் என்றேன்.

"எங்கள் சொந்த வீடு, சார். அன்றைக்குத்தான் உண்மையிலேயே சாவியைக் கொடுத்தோம். நடித்தது என் பெரியம்மா. ஒரே ஸ்டிக்கர்தானே இருந்தது, இரண்டாவது டேக் எப்படி எடுப்பது?"

அந்தக் கத்தியின் ஒலியை எப்படிப் பிடித்தாய் என்று கேட்டேன். காலர் மைக்கைக் காலணி அடுக்கின் கீழ்க்கம்பியில், தரையிலிருந்து ஒரு விரற்கடை உயரத்தில் டேப் போட்டு ஒட்டியிருக்கிறாள். மின்தூக்கியின் மணி ஓசை இடையில் வராதபடி அவளுடைய தம்பி ஒவ்வொரு மாடியாக ஓடி, ஆட்களைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்திருக்கிறான். எண்ணெய் கொண்டுவந்த பாட்டி நடிகையா என்றேன். இல்லையாம். பதினெட்டு ஆண்டுகளாகப் பக்கத்து வீடு. படப்பிடிப்பு என்று அவரிடம் சொல்லியிருக்கவில்லை. பிறகுதான் போய்ச் சம்மதம் கேட்டிருக்கிறார்கள்.

அண்ணன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "இதை முதலிலேயே சொல்லியிருந்தால் 5 போட்டிருப்பேன்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஏற்பாட்டாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அடுத்த ஆண்டு நடுவர்கள் முதலில் கூடிப் பேசட்டும், மதிப்பெண் பிறகு. ஒலிக்கு ஒரு கட்டம் வேண்டும். சமூகக் கருத்துக் கட்டத்தை எடுத்துவிடலாம். பத்து நிமிடத்தில் பதில் வந்துவிட்டது: முதல் இரண்டும் செய்துவிடலாம், சார், மூன்றாவது ஆதரவாளர் கேட்டுப் போட்டது.