விடாத விரல்கள்

டீ டம்ளர் திண்ணையைத் தொட்டுவிட்டது. சித்தப்பாவின் விரல்கள்தான் அதை விடவில்லை. ஈரக் கயிற்று முடிச்சு அவிழ்வதுபோல ஒவ்வொன்றாகப் பிரிந்தன.

பாம்பன் கரையில் அவருக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். வலை பிரிக்கும்போதே கண் சொருகிவிடும். சோம்பேறி என்று நானும் சொல்லியிருக்கிறேன்.

நோயின் பெயர் மயோடோனிக் டிஸ்ட்ரோபி. இறுகிய தசை உடனே தளராது; பரம்பரையாக வருவது. 19ஆம் குரோமோசோமில் டி.என்.ஏ.வின் மூன்றே எழுத்துகள் அளவுமீறித் திரும்பத் திரும்ப வருகின்றன, 1992இல் கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து நகலாக உருவாகும் ஆர்.என்.ஏ. தசையில் மட்டுமல்ல, மூளைச் செல்களிலும் தேவையான புரதங்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறதாம். இந்தப் பகல் தூக்கத்துக்கான காரணத்தை ஆய்வாளர்கள் இப்போது மூளையில் தேடுகிறார்கள்.

“இன்னொரு டீ சொல்லவா சித்தப்பா?”

பதில் இல்லை. தலை சாய்ந்திருந்தது.

டம்ளரைத் தள்ளி வைத்தேன். யாரும் பார்க்காதபோது என் விரல்களையும் ஒருமுறை மடக்கி விரித்துப் பார்த்துக்கொண்டேன்.